டர்போவுக்கு அந்தப் பக்கம்

லாரி நிறுத்தத்தில் அவரை எல்லோரும் முள்ளு என்றுதான் கூப்பிட்டார்கள். ஏற்றத்தில் மற்ற டிரைவர்கள் ரோட்டையும் பக்கக் கண்ணாடியையும் பார்ப்பார்கள். இவர் அவற்றோடு டாஷ்போர்டில் தனியாகப் பொருத்திய ஒரு சின்ன வட்ட மீட்டரையும் பார்ப்பார். எஞ்சினைவிட்டு வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டுகிற மீட்டர் அது. அதில் ஆடுகிற முள்ளிலிருந்து வந்த பெயர் அவருடையது.

புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த டீசல் வண்டி பாரத்தோடு மேடேறும்போது தண்ணீர்ச் சூடு தாமதமாகத்தான் சேதி சொல்லும். புகைச் சூடு உடனே சொல்லிவிடும். அறுநூற்றைம்பது டிகிரிதான் அவருடைய கோடு. முள் அதைத் தொட்டால் மிதியைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குவார். எஞ்சின் வேகமாகச் சுற்றும், காற்று கூடுதலாக உள்ளே போகும், சூடு தணியும். ஒரு கணம் எழுநூறைத் தொட்டுவிட்டு வந்தால் குடி முழுகிவிடாது. அங்கேயே நின்றுகொண்டிருந்தால்தான் பிஸ்டன் உருகும். எந்த எல்லைக்கும் அதன்மேல் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்றொரு கணக்கு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவரை ஞானி என்று சொல்லிவிட முடியாது. கவனமுள்ள மனிதர், அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லாரி அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. மலைமேல் சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே ரயில் கிடங்கிலிருந்து அங்கே சிமெண்ட் ஏற்றிப் போவார்கள். காலை நடை அண்ணனுக்கு, மதிய நடை தம்பிக்கு. அண்ணன் கால் வைத்தால் மிதி தரையோடு தரைதான். மேலே போய்ச் சேர்ந்ததும் மறுவேலை பார்க்காமல் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிடுவார். கொதிக்கக் கொதிக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் டர்போவுக்கு அந்த நேரத்தில்தான் எண்ணெய் ஓடவேண்டும். சற்று நேரம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டால் அது ஆறிக்கொள்ளும். தம்பி சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஒருநாள் டர்போ இறுகி நின்றுவிட்டது.

அன்று பஞ்சர் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் தம்பி கேட்டுவிட்டார்.

“ரெண்டு நிமிஷம் வண்டிய ஐட்லிங்ல விட்டா உன் சொத்தா அழிஞ்சு போகும்? எண்ணெய் உள்ளேயே கருகிப் போச்சு பாருண்ணே. கண்ணுதான் முள்ளப் பாக்கல, காதாவது கேக்குதா இல்லையா?”

யாரோ சிரித்தார்கள். அண்ணன் கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாத்தியாரே, பாடம் நடத்தினது போதும். என்னால கெட்டுச்சு, நானே சரி பண்ணித் தரேன். ஆனா இன்னொரு தடவ வண்டி படுத்துச்சுன்னா வித்துட்டு ஆளுக்குப் பாதி. அப்புறம் நீ உன் முள்ளக் கட்டிக்கிட்டு அழு.”

சொன்னால் செய்துவிடுகிற மனிதர் அண்ணன். தம்பிக்கு வேறு தொழில் தெரியாது. அது மட்டுமல்ல, அன்றோடு பேச்சு நின்றுபோன பிறகு இருவரையும் ஒரே உலகத்தில் வைத்திருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அது போனால் அண்ணன் தம்பி என்பதும் போய்விடும் என்று தம்பி மனதுக்குள் பயந்தார்.

சாவி பஞ்சர் கடையில் கை மாறியது. பஞ்சர் கடைக்காரருக்குத் தலைவலி.

“நான் என்ன உங்க வீட்டுத் தூதுப் புறாவா? அவரு ‘அந்த ஆளுகிட்ட குடு’ங்கறாரு, நீ ‘பெரிய மனுஷன்கிட்ட குடு’ங்கற. ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்திதானப்பா?”

“அதனாலதான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்” என்பார் முள்ளு.

புது டர்போ மாட்டி வந்த வண்டியை அவர் முதல்முறை ஏற்றியபோது, எப்போதும் அறுநூற்றைம்பதைத் தொடுகிற நீண்ட மேட்டில் முள் ஐநூறுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. மீட்டர் கெட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தார். முள் சரியாகத்தான் ஆடியது. புது டர்போ நன்றாகக் காற்றுப் பிடிக்கிறது, அதனால்தான் சூடு குறைந்திருக்கிறது என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். வேண்டியிருந்த காரணம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

வாரம் ஒருமுறை மீட்டரின் வயரைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தடவிப் பார்க்கிற மனிதர் அவர். புது டர்போ வந்தபிறகு பார்க்கவில்லை. அண்ணன் பொறுப்பேற்றுச் செய்த வேலை. கேபினைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் சோதனை போடுகிறான் என்று நிறுத்தம் முழுக்கப் பேச்சாகும். அந்த ஒரு விஷயத்திலாவது அண்ணனுக்கு மரியாதை தருவோம் என்று நினைத்தார். மரியாதைக்குள் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

கோட்டைத் தொட இன்னும் இடம் இருக்கிறதே என்று மேட்டில் கியர் இறக்காமல் இழுக்கப் பழகினார். முள் அறுநூறு, அறுநூற்று இருபது என்று போயும் தன் கோட்டுக்குக் கீழேதான் நின்றது. வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

“என்ன, வண்டிக்கு றெக்க முளைச்சிடுச்சா?” என்றாள் மனைவி. “உங்க முகமே ஒரு மாதிரி சிரிக்குது. அண்ணனோட பேசிட்டீங்களா?”

“வண்டி பேசுதுடி. அது போதும்.”

மேட்டின் பாதியில் ஒரு வளைவு. அங்கே பக்கக் கண்ணாடியில் தன் வண்டியின் புகை கறுப்பாகத் திரண்டு எழுவதை அவர் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். இழுக்க முடியாத பாரத்தை எஞ்சின் இழுக்கிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். ஆனால் புகையைப் பார்த்த கண் உடனே முள்ளுக்குத் தாவியது. அங்கே அறுநூற்று இருபதைக் கண்டு அமைதியானது. எண் பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்து உண்மையைத்தான் அது சொன்னது. எந்த இடத்தில் நிற்கிறாய் என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

சில வாரம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மதியம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. இழுவை விட்டுப்போனது. எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து எண்ணெய்ப் புகை குபுகுபுவென்று வந்தது. முள்ளு வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இறங்கி நின்றார். இன்னொரு தடவை என்று அண்ணன் சொன்னது இதுதான்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து பிஸ்டன்களை வெளியே எடுத்து வைத்திருந்தார். நான்காவது பிஸ்டனின் ஓரம் மெழுகுபோல் வழிந்திருந்தது.

“என்ன முள்ளு, உன் கையிலயா இப்படி? வேற யாராச்சும் ஓட்டினாங்களா?”

“நான்தான் ஓட்டினேன். அறுநூத்தி இருபதுக்கு மேல ஒரு நாளும் விடல.”

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அறுநூத்தி இருபதா? டர்போவுக்கு அந்தப் பக்கத்துலயா?”

“எந்தப் பக்கத்துல?”

“அடப்பாவி. பழைய டர்போவக் கழட்டும்போது மீட்டரோட சென்சார் மாட்டுற மரை போயிடுச்சுப்பா. டர்போவுக்கு முன்னாடி புகை வர்ற மேனிபோல்டுல வண்டில வெச்சே புது ஓட்ட போட்டா, இரும்புத்தூள் புது டர்போக்குள்ள விழும். மேனிபோல்டக் கழட்ட உங்க அண்ணனுக்கு நேரமில்ல, லோடு நிக்குதுன்னாரு. அதனால சென்சார டர்போவுக்குப் பின்னாடி குழாயில மாட்டினேன். டர்போவச் சுத்திவிட்டுட்டு வர்ற புகை ஆறித்தானே வரும்? ஏத்தத்துல நூறு, நூத்தம்பது கம்மியாத்தான் காட்டும். தம்பிகிட்ட சொல்லிடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேனே!”

முள்ளு மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். எழுநூற்று எழுபது. தொட்டுவிட்டு வரவில்லை, மேடு முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார்.

அண்ணன் வந்தபோது பட்டறையில் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் தம்பியைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் பேசினார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். வாராவாரம் அந்த வயரத் தடவிக் குடுக்கிறவன், பாத்தா தெரியாதான்னு விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “முள்ளப் பத்தி அவனுக்குப் போய் நான் சொல்றதான்னு இருந்துச்சு.”

இப்போது தம்பி எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நியாயம் அவர் பக்கம் இருந்தது, கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். அன்று பஞ்சர் கடை வாசலிலும் இரண்டும் இருந்தன.

அவரும் மெக்கானிக்கிடமே பேசினார்.

“கறுப்பாப் புகை வந்துச்சு. கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சுது. பாத்துட்டு முள்ளப் பாத்தேன். முள்ளு எனக்குப் பிடிச்சதச் சொல்லுச்சு. அதையே நம்பிட்டேன்.”

அண்ணன் உருகிய பிஸ்டனைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

வண்டி விற்கத்தான் பட்டது. அண்ணன் சொன்ன சொல்லுக்காக மட்டுமல்ல, புது எஞ்சினுக்கு இருவரிடமும் வழியில்லை. கல் லாரி ஓட்டுகிற ஒருவர் அப்படியே வாங்கிக்கொள்ள வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, கேபினுக்குள் தலையை நீட்டி, “இது என்னங்க கூடுதலா ஒரு மீட்டரு?” என்றார்.

தம்பி வாய் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போனார். கேபினைத் தூக்கி, குனிந்து, வயர் போகிற வழியை விரலாலேயே காட்டினார். புகை எங்கிருந்து வருகிறது, டர்போவுக்குள் போகும்போது எவ்வளவு சூடு, வெளியே வரும்போது ஏன் குறைகிறது என்று பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்பது தம்பிக்குத் தெரியாது. தம்பி சொன்னதையெல்லாம் இத்தனை நாள் அவர் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“எஞ்சின் கட்டும்போதே சென்சார மேனிபோல்டுக்கு மாத்திடுங்க. அதுவரைக்கும் ஐநூறுதான் உங்க கோடுன்னு வெச்சுக்கங்க.”

“ஐநூறா? மீட்டர்ல அறுநூத்தி அம்பதுல கோடு கிழிச்சிருக்கே?”

அண்ணன் நிமிர்ந்தார். திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

“நீ சொல்லுடா.”

“ஐநூறுதான் சரிண்ணே” என்றார் தம்பி, வாங்க வந்தவரை மறந்துவிட்டு. “ஏத்தம் நீளமா இருந்தா, அதுக்கும் கீழயே இருக்கணும்.”

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நாளை முதல் ஆளுக்கொரு முதலாளியிடம் வேலை தேட வேண்டும்.

“சாப்பிட்டியா?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே.”

பஸ் வரும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.