தண்ணீரைத் தொடாத மின்சாரம்

செண்பகம் ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். தாவீதைக் கட்டிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வந்தபோது சுற்றுவட்டார நிலமெல்லாம் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்தது. தாவீது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் இன்னொரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். ஷைனி, பென்னி என்று இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருடைய காலிலும் சேறு படவிடாமல் வளர்த்தோம் என்று அவளுக்கு ஒரு பெருமை.

பென்னி ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகவிருந்த முதல் நாள் காலையில் அது நடந்தது. மார்கழிக் குளிர். அவனே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த செண்பகம் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "சீக்கிரம் குளிடா, பஸ் பூடப் போவுது!"

அவசரத்தில் சுவிட்சை அணைக்காமலேயே, தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தான். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு செண்பகம் யாரையும் எதற்கும் அவசரப்படுத்தியதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டில் தண்ணீர் காய்ச்சுகிற பேச்சே இல்லை. கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து, கம்பெனிகளில் கழித்துப்போடும் பெட்டிக் கட்டைகளை எரித்து வெந்நீர் வைத்தாள். உலைச் சூட்டில் நின்றுவிட்டு வரும் தாவீதுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெந்நீர் இல்லாமல் முடியாது. புகையில் உட்கார்ந்து உட்கார்ந்து செண்பகத்துக்கு இழுப்பு வந்தது. போன வருஷம் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஷைனி ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அம்மா வீடு திரும்பியதும் லீவு போட்டு வந்தாள்.

"கீசர் வெக்கலாமா, நைனா?" என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்.

"ராடுதான அது? டப்பாக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கிறான், அவ்ளோதான். இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள் செண்பகம்.

கேஸ் அடுப்பில் வைக்கலாம் என்றால், கொதிக்கிற குண்டானைத் தூக்கிப்போக அவளுக்குத் தெம்பில்லை. கேஸ் கீசரைக் கேட்டபோது, ஜன்னல் இல்லாத குளியலறைக்கு அது ஆகாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். சோலார் வைக்கலாம் என்று தாவீது மாடியேறிப் பார்த்தான். பக்கத்தில் வெளிமாநிலத்துப் பையன்களுக்கென்று கட்டிய மூன்றடுக்கு வாடகை வீடு வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. விழுகிற கொஞ்ச வெயிலிலும் கம்பெனிக் கரி வந்து படியும். அதுவும் ஆகாது என்று இறங்கி வந்தான்.

அப்போதுதான் ஷைனி தன் ஹாஸ்டலில் தண்ணீர் சுட வைக்கிற ஹீட் பம்ப் மெஷினைப் பற்றிச் சொன்னாள். "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சா சூடா கீதுல்லம்மா? அந்த மாரிதான். காத்துல கீற சூட்ட இஸ்து தண்ணிக்குக் குடுக்குது. கரண்டு ஃபேனுக்கும் கம்ப்ரஸருக்கும்தான் போவுது. தண்ணிக்குள்ள போவாது."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

செண்பகம் அதை மூன்று நான்கு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடையில் போய் நின்றபோதும் அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். சில மாடல்களில் அவசரத்துக்கு உள்ளே ராடும் உண்டு என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அது இல்லாததாகப் பார்த்து, உப்புத்தண்ணீருக்குத் தாங்குகிற தொட்டியோடு எடுத்தார்கள். தண்ணீர் சுட நேரம் பிடிக்கும் என்றார்.

"ஆவட்டும்" என்றாள் செண்பகம்.

மெஷினை மாட்டுவதற்குக் கடையிலிருந்து எலக்ட்ரீஷியன் துளசிராமன் வந்தான். காற்றோட்டம் வேண்டும் என்று கொல்லையில் இடம் பார்த்தான். மண் தரையில் கனம் இறங்கிவிடும் என்று சொல்லி, தாவீது முன்கூட்டியே சிமெண்ட் மேடை போட்டு வைத்திருந்தான். பழைய அடுப்புக் கற்களும் அந்த மேடைக்குள் போயிருந்தன. மெஷினைத் தூக்கி வைத்து, குழாய்களை இணைத்து, சூடு வெளியேறாமலிருக்கக் குழாய்மேல் உறை சுற்றினான். பிறகு வயரிங்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இந்த வீட்டில் எர்த் கம்பியே சரியில்லை என்றான். புதிதாக எர்த் இறக்கி, தனி லைன் இழுத்து, மெயின் போர்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினான்.

"அது இன்னாபா?" என்று கேட்டாள் செண்பகம்.

"ஷாக் அடிச்சா தானா கட் ஆவுற பெட்டிக்கா. மெஷினுக்கு மட்டும் இல்ல, ஊட்டுக்கே சேத்துப் போட்டுக்கிறேன். கரண்டு கொஞ்சம் தப்பா போனாலே கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நிறுத்திடும். பாருங்க." சின்னப் பொத்தானை அழுத்தினான். டப்பென்று சுவிட்ச் கீழே விழுந்தது. வீட்டு விளக்குகள் அணைந்தன. "இது இருந்தா உசுருக்கு பயம் இல்லக்கா."

செண்பகம் இருட்டுக்குள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது புதுசா வந்துகீதா?"

"இல்லக்கா. எத்தினியோ வருசமா விக்கிறாங்களே."

பென்னியைப் பற்றி துளசிராமனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, அடுத்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். செண்பகம் திரும்பிப் பார்த்தபோது தாவீது அங்கே இல்லை.

அவன் வாசலில், வண்டிமேல் கை ஊன்றி நின்றிருந்தான்.

"கம்பெனில ஒவ்வொரு கரண்டு பேனல்லயும் இந்த பொட்டி கீது, செண்பகம். தெனமும் பாத்துக்கினுதான் வேல செஞ்சேன். ஊட்ல ஒண்ணு வெக்கணும்னு எனுக்குத் தோணலியே."

குளிக்கச் சொல்லி அவசரப்படுத்தினோமே என்று இத்தனை வருஷமும் தான் ஒருத்தி மட்டும் வெந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், அவனும் வெந்துகொண்டிருப்பது தெரிந்தது.

"உனுக்கு இன்னாய்யா தெரியும்" என்றாள். அவன் முதுகில் கை வைத்தாள். அது குலுங்கிக்கொண்டிருந்தது.

துளசிராமன் புறப்படும்போது, பக்கத்து வாடகை வீட்டைக் காட்டி, "அந்தப் பசங்க ராடுலதான் தண்ணி காய வெக்கிறானுங்க. ஓனரான்ட சொல்லி அங்கியும் இந்த பொட்டி ஒண்ணு போட்டுடுப்பா" என்றாள் செண்பகம். ஓனர் பிடி கொடுக்கவில்லை. அவள் விடாமல் நடந்து நடந்து கேட்டாள். கடைசியில் தொல்லை தாங்காமல் போட்டுவிட்டார்.

மெஷின் வந்த பிறகும் ஒரு வாரம் அவள் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த ஷைனி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு செண்பகம் முதல் சொம்பைத் தோளில் ஊற்றினாள். இதமான சூடு. நெஞ்சுக்கூடு தளர்ந்தது, இறுகிக் கிடந்த மூச்சு சுகமாக இறங்கியது. அந்தச் சுகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குழாய்ச் சத்தத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அம்மா, இன்னாமா ஆச்சி?" ஷைனி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணும் இல்ல. தண்ணி நல்லாத்தான் கீது."

மழைக்காலம் வந்தபோது இழுப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார். தாவீதுக்குச் சந்தோஷம். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். கவரைப்பேட்டை நெருங்கும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பென்னி இல்லாம எனுக்கு நல்லா ஆவுறது கூட பேஜாராத்தான் கீதுய்யா" என்றாள் பிறகு.

நிறுத்தம் வந்ததும் தாவீது முதலில் இறங்கி, அவள் இறங்குவதற்குக் கையை நீட்டினான்.