கிருபைராஜ் சாரின் லேப்டாப் வைத்தியம்

பாளையங்கோட்டையில் கிருபைராஜ் சார் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரும் முழித்திருப்பார். அணைத்துவிட்டு மறுபடி போடுவது, அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவது. இவ்வளவுதான் அவர் வித்தை. முக்கால்வாசி நோய் அதிலேயே தீர்ந்துபோனது அவர் செய்த பாக்கியம்.

அந்தச் சனிக்கிழமை நோய் அவர் வீட்டுக்கே வந்தது. சர்ச்சில் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் போடும் மலருக்கு அவர்தான் ஆசிரியர். மொத்த மலரும் அவர் லேப்டாப்பில் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது. கமிட்டிச் செயலாளர் ரிச்சர்ட் ஒரு காப்பி கேட்டபோது, "நான் இருக்கும்போது உனக்கு என்னலே பயம்?" என்று வாயை அடைத்திருந்தார். சாயங்காலம் அச்சகம் பூட்டுவதற்குள் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பண்டிகைப் பந்தியில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவர் பெயர்தான்.

கட்டிலில் சம்மணம் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. திரையில் மகள் படம் வந்தது. பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை மகள் படம்கூட வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினார், செருகினார். வட்டம் அரைச் சுற்றோடு நின்றது. வைத்தியம் பார்க்கப் பார்க்க நோயாளி மோசமாகிக்கொண்டே போனான். ஒரு சின்ன ஜெபமும் செய்து பார்த்தார், ஒரு கை பொத்தானிலேயே இருக்க.

"உள்ள ஏதோ கரப்ட் ஆயிட்டு" என்றார், வாசலில் வந்து நின்ற மனைவி சாலோமியிடம்.

"இன்பமணி வீட்டு டிவிக்கும் அதத்தான சொன்னீய? கடைசியில ரிமோட்டுல பேட்டரி இல்ல."

"அது வேற."

"மேலப்பாளையத்துல ரிப்பேர் பாக்குத ரசீத் கடை இருக்குல்லா? ஒரு நடை கொண்டு போங்களேன்."

"ஊர்ப் பெட்டியெல்லாம் பாக்குதவன் சொந்தப் பெட்டியத் தூக்கிட்டு அங்க போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"மலர் இல்லாம கோயில்ல நிக்கது மட்டும் நல்லாருக்குமாக்கும்!"

பதில் சொல்ல வாயெடுத்தவர் "ஆ!" என்று துள்ளினார். வேட்டியைத் தாண்டித் தொடை சுட்டது. லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார். தோசைக்கல் மாதிரி கொதித்தது. அடிப்பக்கம் சல்லடை போல் ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வாக்குத்தத்த அட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்று எடுக்கும் பைபிள் வசன அட்டை. மற்றவர்கள் பீரோவில் ஒட்டுவார்கள். சாருக்கு அறிவியல் புத்தி. அந்த ஓட்டை வழியாகத் தூசி போகிறதே என்று, வருஷத்துக்கு ஒன்றாக அங்கே பசை தடவி ஒட்டியிருந்தார்.

சாலோமி குனிந்து பார்த்தாள். "மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா அது எங்கன ஓடும்?"

சார் அடுப்படிக்கு ஓடினார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அட்டைகளைக் கிழியாமல் பைய உரித்தார். வசனத்தைக் கிழித்த பாவம் வேறு சேருமே என்ற பயம். டேபிள் பேனுக்கு எதிரே லேப்டாப்பை ஆறப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நன்றாகக் குளிர்ந்த பிறகு பொத்தானை அழுத்தினார். மகள் படம் வந்தது. அணையாமல் நின்றது. மலரைப் பென்டிரைவில் ஏற்றி, சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

அச்சகத்து வாசலில் ரிச்சர்ட் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"பயந்தே போயிட்டேன் சார். என்ன ஆச்சு?"

"சின்ன டெக்னிக்கல் சமாச்சாரம். சரி பண்ணிட்டேன்." சாருக்கு மிடுக்கு திரும்பியிருந்தது.

"உங்களுக்கா தெரியாது! சார், எங்க வீட்டு லேப்டாப்பும் போட்டுப் போட்டு அணைஞ்சு போவுது. நாளைக்கு வந்து பாக்கீயளா?"

சார் தொண்டையைச் செருமினார். "அடியில ஏதும் ஒட்டி வச்சிருக்கியாலே?"

"ஆமா சார். வாக்குத்தத்த அட்டை. வாலிபர் கூட்டத்துல நீங்கதான சொன்னீய, அங்க ஒட்டுனா தூசி போவாதுன்னு? நாங்க எல்லாருமே ஒட்டிட்டோம்."