எலும்புக் குதிரையின் முன்னால் பெரியப்பா சொன்ன கதை

மாதத்தின் முதல் ஞாயிறு பெரியப்பாவின் சுற்று அந்தச் சுவரோவியத்தின் முன்னால்தான் முடியும். ஒரு பெரிய சுவரை முழுதாக நிறைக்கும் படம். நடுவில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும் ஒரு குதிரை பாய்ந்து வருகிறது. அதன்மேல் வில்லோடு ஓர் எலும்புக்கூடு. குதிரையின் காலடியில் முடிசூடிய தலைகளும் குருமாரும் கழுத்தில் அம்போடு கிடக்கிறார்கள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குதிரை என்னைப் பார்த்தே வருவதுபோல இருந்தது. பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். வன்னியில் சண்டை முடிந்த பிறகு எப்படியோ இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். அம்மாவையும் என்னையும் இங்கே அழைத்தவரும் அவர்தான். பல்லரோச் சந்தைக்கு மேலே, மீன் வாடை ஏறிவரும் இரண்டு அறைகளில் மூவரும் இருந்தோம். கிழமை நாட்களில் அவர் வசதியானவர்கள் வாழும் லிபெர்த்தா வீதிப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் படிக்கட்டுகள் கழுவினார். அம்மா அதே பகுதியில் வயதான ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரித்தார். ஞாயிறு வந்தால் பெரியப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, புதிதாக வந்த நம்மவர்களை ஊர் காட்டக் கூட்டிப்போவார். நானும் போவேன். நான்கு மூலையிலும் சிலைகள் நிற்கும் சந்தி, அரசர்களின் சிவப்புக்கல் பெட்டிகள் இருக்கும் பேராலயம், அம்மணச் சிலைகள் சூழ்ந்த நீரூற்று. மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம் என்பதால் அன்றைக்கு அந்தச் சுவரோவியம் இருக்கும் அருங்காட்சியகமும் உண்டு.

அவருக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தார். எந்த அரசன் யாரை ஏமாற்றினான், எந்தத் தூணை ஏன் வளைத்துக் கட்டினார்கள் என்றெல்லாம் சொல்வார். மற்ற இடங்களில் சிரிக்கச் சிரிக்கக் கதைக்கும் மனிதர் குதிரைப் படத்தின் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார். படத்தின் வலப்பக்கத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதற்குக் கீழே கழுத்தில் அம்பு தைத்த ஓர் இளைஞன் சரிகிறான்.

“முந்தி இஞ்சை பெரிய சண்டை. சனமெல்லாம் கடற்கரைப் பக்கம் ஓடிப்போய்க் கிடந்தது. குடிக்கத் தண்ணியில்லை. அந்தா, ஊற்று தெரியுதோ? அதடிக்குப் போனா அடி விழும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் குழிக்குள்ளை ஒரு சின்னப் பிள்ளை தண்ணி, தண்ணி எண்டு அழுதுகொண்டு கிடந்தது. ஆரின்ரையோ பிள்ளை. இவன் தண்ணிக் கானைத் தூக்கினான். தமையன் மறிச்சவன். கேக்கேல்லை.”

அதற்குப் பிறகும் கதை நீளும். நான் அதற்குள் நகர்ந்து, யன்னலுக்குப் போய்விட்டிருப்பேன்.

என் அப்பா காணாமல் போனவர். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். சண்டையின் கடைசி மாதங்களில் அம்மாவும் நானும் வவுனியாவில் இருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் மறுபக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் வெளியே வந்தார். ‘கடைசி நேரத்திலை சனத்துக்குள்ளை பிரிஞ்சிட்டம்’ என்றுதான் அவர் அம்மாவுக்குச் சொன்னாராம். அம்மா பொட்டை அழிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பாவின் அளவில் ஒரு சட்டை வாங்கிப் பெட்டியில் வைப்பார். “அவர் இல்லை எண்டு ஆரும் என்னட்டைச் சொன்னா, பிறகு அவையின்ரை முகத்திலை முழிக்க மாட்டன்” என்று பெரியப்பா இருக்கும்போதே ஒருநாள் சொன்னார். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நிமிரவில்லை.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் அந்த ஓவியம் எங்களுக்குப் பாடமாக வந்தது. அடுத்த முதல் ஞாயிறு, பெரியப்பாவோடு ஐந்து பேர் வந்திருந்தார்கள். மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலைசெய்த, நான் மாமா என்று கூப்பிடும் ஒருவரும் வழக்கம்போல வந்திருந்தார். பழைய நாட்களில் பெரியப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். பெரியப்பா கானைத் தூக்கிய இடத்துக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“பெரியப்பா சொல்லுறது பிழை,” என்றேன். “அந்தக் காலத்திலை கான் ஏது? இஞ்சை எழுதியிருக்கு, பாருங்கோ. அந்தப் பெடியன் பணக்காரன். ஊற்று இருக்கிறது பணக்காரர் பொழுதுபோக்கிற தோட்டம். ஆரும் ஆருக்கும் தண்ணி எடுக்கப் போகேல்லை.”

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மொண்டெல்லோ மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது.

“அப்பிடியே எழுதியிருக்கு, பிள்ளை?” என்றார் பெரியப்பா.

“ஓம்.”

“அப்ப சரி. எனக்கு ஒருக்காத் தமிழிலை எழுதித் தா.”

அன்றிரவே கொப்பித் தாளில் எழுதிக்கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் அதையே சொன்னார். ஒரு சொல் மாறாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொல்வார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு நண்பர்கள், படிப்பு என்று நான் போகாமல் விட்டேன். அவர் தொடர்ந்து போனார். ஆறு ஆண்டுகள் அந்தத் தாளில் இருந்ததையே சொல்லியிருக்கிறார். ஒருநாள் லிபெர்த்தாவில் படி கழுவிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது.

போன வருடம் அம்மா புற்றுநோயில் இறந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மொண்டெல்லோ மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். குசினிக்குள் நின்று, கோப்பையைக் கழுவியபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

“இனிச் சொல்லலாம். அம்மா இருக்குமட்டும் வாய் திறக்கக் கூடாதெண்டு அண்ணை என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். அந்தப் படத்துக்கு முன்னாலை அவர் சொன்ன கதை உம்மடை அப்பாவின்ரை, பிள்ளை.”

வீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். நான் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன். துடைத்தவற்றையே எடுத்து மறுபடியும் துடைத்தேன்.

எல்லோரும் போன பிறகு பெரியப்பாவின் கதிரைக்கு முன்னால் போய் இருந்தேன். “அப்பா தண்ணிக்குப் போன கதையை எனக்குச் சொல்லுங்கோ” என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். வாய் கோணி, நெடுநேரம் எதையோ தேடியது. பிறகு வார்த்தைகள் வந்தன, தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக.

“இந்தச் சுவரோவியத்தை வரைந்தவர் யாரென்று தெரியாது. முன்பு இது ஓர் ஆஸ்பத்திரியின் முற்றத்தில் இருந்தது. குதிரையில் வருவது சாவு. அது செல்வந்தரையும் குருமாரையும் கொல்கிறது. தன்னைக் கூப்பிடும் ஏழைகளைக் கடந்து போகிறது.”

என்னுடைய வசனங்கள். வழக்கமாகச் சொல்லிப் பழகியவை சிலருக்கு அப்படியே மிஞ்சும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். செபம் மிஞ்சும், பாட்டு மிஞ்சும். இவருக்கு நான் எழுதிக் கொடுத்தது மிஞ்சியது. மீண்டும் கேட்டேன். மீண்டும் அதையேதான் சொன்னார். சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவர் சொல்ல நினைத்தது இது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என் அப்பா எப்படி இறந்தார் என்பதை நான் குறைந்தது ஐம்பது முறை கேட்டிருக்கிறேன். யன்னலடியில் நின்று, எப்போது வெளியே போவோம் என்று யோசித்தபடி கேட்டிருக்கிறேன். கான் என்ன நிறம், போகும்போது அவர் ஏதும் சொன்னாரா, அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்ததா, எதுவும் தெரியாது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தனியாகப் போகிறேன். படத்தின் முன் நின்று அவர் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ‘கேக்கேல்லை’ என்பதோடு அது நின்றுவிடுகிறது.

மொண்டெல்லோ மாமாவிடம் போனேன். அவருக்கும் முழுதாக நினைவில்லை. தம்பி ஒரு பிள்ளைக்காகத் தண்ணிக்குப் போனான் என்பதும், தமையன் பிறகு ஊர்ந்து போய்ப் பார்த்தான் என்பதும்தான் தெரியும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்டு மட்டும் வடிவா ஞாபகமிருக்கு. ‘அவனுக்கும் அந்த வயசிலை ஒரு மகள்’ எண்டு சொல்லேக்கை, வலக்கையாலை படத்தைக் காட்டிக்கொண்டு, இடக்கையை உம்மடை தலையிலை வைப்பார். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான். நீர் தலையை உதறிப்போட்டு யன்னலுக்கு ஓடிடுவீர்.”

அன்று வீட்டுக்கு வந்து, பெரியப்பாவின் இடப்பக்கமாக நிலத்தில் இருந்தேன். இடது கை அவர் மடியில் கிடந்தது. அந்தக் கை நன்றாகத்தான் இருக்கிறது. கரண்டி பிடிக்கும், யன்னல் சீலையை இழுக்கும். “சொல்லுங்கோ” என்றேன். அவர் ‘வரைந்தவர் யாரென்று தெரியாது’ என்பதிலிருந்து தொடங்கினார். ஆஸ்பத்திரி முற்றம் வந்தது, சாவு வந்தது, ஏழைகளைக் கடந்து போனது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் குறுக்கிடவில்லை. கீழே சந்தையில் கடைகளை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை, தலையைச் சாய்த்து அவர் கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.