ஸ்கிரீன் டெஸ்டுக்குப் போன கரோல்

சாந்தோம் கரோல் போலீஸில் சேர்ந்து நான்கு வருஷம். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் கபாலி கோயில் தேருக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதும்தான். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒருநாள் இன்ஸ்பெக்டர் சூடாமணி அவளைத் தனியாக அழைத்தாள்.

"தி.நகர்ல சாய்நாத்னு ஒருத்தன். சினிமா சான்ஸ் தரேன்னு பொண்ணுங்கள வரவழைக்கிறான். டிரஸ் மாத்துறத ஒளிச்சு வெச்ச கேமராவுல புடிச்சு மிரட்டுறான். போறியா?"

"போறேன் மேடம்." வீட்டில் மூச்சுவிடவில்லை.

கேமராவைக் கண்டதும் தெருப்பக்க ஜன்னலைத் திறக்க வேண்டும். எதிர் டீக்கடையில் மஃப்டியில் காத்திருக்கும் நாலு போலீஸ்காரர்கள் மாடிக்கு ஓடிவருவார்கள். அதுதான் ஏற்பாடு.

மாடி ஆபீஸில் சாய்நாத் தன்மையாகத்தான் பேசினான். "கத இன்னான்னா, ஒரு லேடி போலீஸ் மாறுவேஷத்துல வில்லன் வீட்டுக்குள்ள போறா. அவனை மயக்கிப் புடிக்கிறா. கொஞ்சம் கவர்ச்சியா இருக்கும். கூச்சப்படக் கூடாது." காக்கி உடுப்பை நீட்டினான்.

கரோல் அதை வாங்கிக்கொண்டாள். தெரிந்துகொண்டுதான் சொல்கிறானா?

உடை மாற்றும் அறையில், அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டி ஓட்டைக்குள் சின்னதாய்ச் சிவப்பு வெளிச்சம். சுடிதார் மேலேயே காக்கிச் சட்டையை மாட்டினாள். பழகிய கை பெல்ட்டைக் கச்சிதமாக இறுக்கிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். "மேலயே போட்டா எப்டிம்மா? கழட்டிட்டுப் போடு." பெல்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "இத யாரு கத்துக் குடுத்தா?"

"எங்கண்ணன் ஹோம்கார்டு சார்."

அவன் தாழ்ப்பாள் போட்டான்.

அவள் ஜன்னலை இழுத்தாள். பெயின்ட் ஒட்டி இறுகிக் கிடந்தது. அவன் அவள் வலக்கையைப் பிடித்து முறுக்கினான். இடக்கைக்கு எட்டிய ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். சில்லுகள் தெருவில் சிதறின. அவன் அவளை விட்டுவிட்டுக் கேமராவுக்குப் பாய்ந்தான். கேசட்டை எடுக்கவிடாமல் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினாள். கதவு உடைகிறவரை விடவில்லை.

முப்பத்தோரு கேசட்டுகள் கிடைத்தன. கரோல் இருந்த கேசட்டையும் சைதாப்பேட்டை கோர்ட்டில் போட்டுப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இளித்தார். "உங்களுக்கும் நடிக்கிற ஆச இருந்திருக்குமே?"

"பயம்தான் சார் இருந்திச்சு" என்றாள், அவர் கண்ணைப் பார்த்து.

சாய்நாத்துக்கு மூன்று வருஷம் கிடைத்தது. அதற்கெல்லாம் முன்பே, அவன் பிடிபட்ட அன்று சேதி தெரிந்ததும் அம்மா ஐவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மகளின் வீங்கிய மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "திரும்பக் கூப்ட்டா போவியாடி?"

"போவேம்மா."

ஐவி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள்.