அம்பத்தூரின் இரவல் ஆட்டக்காரன்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் புறப்படும்போது என் அண்ணன் துலுக்கானம் ஊர் ஹாக்கி கிளப்பின் நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ள மாட்டான். நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொள்வான். உடம்பில் ஒரு பழைய வெள்ளைப் பனியன், கையில் ஹாக்கி மட்டை. அப்படியே தெருவைத் தாண்டி, கரை ஏறி, வற்றிய ஏரிக்குள் இறங்குவான். பல வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். போட்டுக்கொண்டே போனால் என்ன என்று ஒரு முறை கேட்டேன்.

"எந்தப் பக்கம்னு அங்க போனாதான தெரியும்" என்றான்.

அந்தப் பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை. திரும்பி வந்ததும் சட்டையை என்னிடம் கொடுப்பான். அதில் வியர்வை இருக்காது. கரையில் கிடந்த மண் மட்டும் ஒட்டியிருக்கும். இருந்தாலும் துவைக்கச் சொல்வான். யாரும் போட்டுக்கொள்ளாத அந்தச் சட்டை துவைத்துத் துவைத்தே வெளுத்தது.

ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு, அடுத்த மழை வரைக்கும் அங்கேதான் ஆட்டம். கிளப்பை ஆரம்பித்தவர் தசரதன், பண்ணை வீட்டு மூத்த மகன். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஹாக்கியைக் கற்றுக்கொண்டு வந்து, தம்பி சம்பத்தையும் சொந்தக்காரப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார். நாங்கள் அந்தப் பண்ணையில் கூலி வேலை செய்கிறவர்கள். எங்கள் தெரு ஏரிக்கு அந்தப் பக்கம். அண்ணன் அவர்களுடைய மாடுகளை ஏரிக்குள் மேய்ப்பான். ஒரு நாள் மாட்டின் மேல் படப்போன பந்தைக் கையிலிருந்த கோலால் நிறுத்தி, வந்த வழியே திருப்பி அடித்தான். அது தசரதனையும் தாண்டிப் போய் விழுந்தது. அவர் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு மட்டையைக் கொடுத்தார். பிறகு நீலச் சட்டையும் கொடுத்தார். அண்ணன் கிளப்பில் பன்னிரண்டாவது ஆள் ஆனான்.

ஆட்டத்துக்குப் பக்கத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களில், ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் வீட்டில் கல்யாணம் என்று ஆள் குறையும். வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது என்று உள்ளூர்க்காரர்கள் ஒருவனை இரவல் கொடுப்பார்கள். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அம்பத்தூரில் மட்டும் இரவல் போகிறவன் எப்போதும் அண்ணனாகவே இருந்தான். ஆள் குறையாமல் வந்துவிட்டால் அவன் கரையில் உட்கார்ந்து பார்ப்பான்.

"நீ நம்ம கிளப்பு ஆளுதான்டா. வந்த விருந்தாளிக்கு நல்ல எலையாப் பாத்துப் போடறதில்ல? அது மாரி" என்பார் தசரதன்.

அண்ணன் நல்ல இலையா, இல்லை இவர்களுக்கு வேண்டாத இலையா என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா விசாரிப்பாள்.

"இன்னாடா, நம்ம ஊரு கெலிச்சிதா?"

"இல்லமா. தோத்துச்சி."

"ஐயோ. நீ?"

"நான் கெலிச்சேன்."

"ஊரு தோத்தா நீ எப்டிடா கெலிப்பே?"

"அப்டித்தாமா."

அம்மா என்னைப் பார்ப்பாள். நான் குழம்பைப் பார்ப்பேன். தெருவில் பொன்னியம்மா வேறு சும்மா இருக்க மாட்டாள். "இன்னா முனியம்மா, ஊரு சோத்தைத் துன்னுட்டு ஊருக்கே கோல் போட்றானாமே உன் புள்ள" என்பாள். "அனுப்பிச்சவரு பெரிய ஊட்டாண்ட கீறாரு. போய் அவரைக் கேளு" என்று அம்மா அவள் வாயை அடைப்பாள். உள்ளே வந்ததும், "ஏண்டி நாகு, இவன் அந்தக் கிளப்புல கீறானா இல்லியா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் தெரியாது.

அண்ணன் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, காய்ந்த சட்டையை என் கையிலிருந்து வாங்கும்போது சொன்னான்.

"ஒரே ஒரு ஆட்டம் நாகு. இத்தப் போட்டுக்கினு, பூந்தமல்லிக்கு எதிரா ஆடணும். அதுக்கப்புறம் எங்க இரவல் அனுப்பினாலும் போறேன்."

பூந்தமல்லிக்காரர்கள்தான் அந்தப் பக்கத்தில் கெட்டியான ஆட்டக்காரர்கள். ஆனால் அவர்கள்தான் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குறைந்து வருவார்கள். எத்தனை காய்ச்சல் வரும், எத்தனை கல்யாணம் நடக்கும் ஓர் ஊரில் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரம் வறட்டிக்குச் சாணி பொறுக்கிக்கொண்டு போனேன். மூன்று பனைமரங்கள் சேர்ந்து நிற்கிற இடத்தில், மரத்துக்குப் பின்னால் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். மடியில் ஹாக்கி மட்டை. காலில் கான்வாஸ் பூட்ஸ். பூந்தமல்லிக்காரர்கள் போடும் மஞ்சள் பனியன். ஏரிக்குள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் கூடையோடு நின்றுவிட்டேன்.

"இன்னாமா பாக்கறே? பேய் இல்ல, பூந்தமல்லிக்காரன்தான். செங்கல்வராயன்" என்றான்.

ஆட வந்தவன் ஏன் ஆடாமல் ஒளிந்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"நான் உள்ள எறங்கினா எங்க கேப்டன் தோலை உரிச்சிடுவாரு. நாங்க பத்துப் பேரா வந்தாத்தான உங்கூரு துலுக்கானத்த எங்களுக்குக் குடுக்கறாங்க? அவன் ஆட்டத்துக்கு முன்னால நான்லாம் எம்மாத்திரம். அதனால மாசத்துக்கு ஒருத்தன் மொறை போட்டுக்கினு இங்க வந்து குந்திக்கினு கீறோம்." கொஞ்சம் கடலையை என் பக்கம் நீட்டினான். "யாராண்டயும் சொல்லிடாதமா."

நான் துலுக்கானத்தின் தங்கை என்று அவனுக்குத் தெரியாது. கடலையை வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

"அப்போ அவங்க என்னைக் கேட்டு வர்றாங்க."

"ஆமாண்ணா."

"நம்ம ஆளுங்க வேணாம்னு குடுக்கறாங்க."

நான் அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தேன்.

"இது எனக்கு நல்லதா கெட்டதா நாகு?"

"தெரிலண்ணா."

அம்மாவுக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "பேசாம கெட. சொன்னீன்னா அவங்க நாளைக்குப் பதினொரு பேரா வருவாங்க. இவங்களுக்கும் பதினொரு பேரு கீறாங்க. நீ மாட்டாண்ட போயி நிப்பே. இப்போ அவங்களாண்டயாவது ஆட்றே இல்ல?"

அம்மா சொன்னது சரி. அதற்கு மேல் அண்ணன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பூந்தமல்லி வண்டி வந்தது. நானும் தெருப் பெண்கள் சிலரும் கரையில் இருந்தோம். பூந்தமல்லி கேப்டன் அய்யாசாமி, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், தசரதனிடம் போய் வழக்கம்போலச் சொன்னார்: "ஒரு ஆள் குறையுதுங்க. வயித்துப்போக்கு." தசரதன் திரும்பிப் பார்க்காமலே, "டேய் துலுக்கானம், போடா அந்தாண்ட" என்றார்.

அண்ணன் அந்தப் பக்கம் போகவில்லை. நேராகப் பனைமரத்துக்கு நடந்தான். முறை மாறவில்லை போலிருக்கிறது, அன்றைக்கும் அங்கே செங்கல்வராயன்தான். அண்ணன் அவனுடைய மட்டையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். மட்டை போகிறதே என்று அவனும் பின்னாலேயே வந்தான்.

"சின்னாண்டே, பூந்தமல்லிக்கு ஆள் குறையல. பதினொண்ணாவது ஆளு இதோ கீறாரு" என்றான் தசரதனிடம்.

எல்லோரும் அய்யாசாமியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "அவனுக்கு... கால் சுளுக்கு" என்றார்.

"எந்தக் கால்?" என்றார் தசரதன்.

செங்கல்வராயன் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். அம்பத்தூர்ப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். தசரதன் சிரிக்கவில்லை.

"ஏங்க, எங்க ஆள் மேல உங்களுக்கு இன்னா கண்ணு?"

"நீங்கதான் வெச்சிக்கலியே" என்றார் அய்யாசாமி, மெதுவாக.

தசரதன் கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தார். புதிதாக வாங்கி வந்த மாட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு, "இன்னிக்குத் துலுக்கானம் எங்க பக்கம். சம்பத்து, நீ குந்து" என்றார்.

"நானா? அவனுக்காவ நான் குந்தணுமா?"

"குந்துடா."

அண்ணன் தோளில் சட்டையோடு நின்றுகொண்டே இருந்தான். "இன்னாடா முழிக்கறே, போடு" என்று தசரதன் அதட்டிய பிறகுதான் பிரித்துப் போட்டான். கொடுத்த நாளில் அவனுக்குச் சரியாக இருந்த சட்டை. இத்தனை வருடத்தில் சட்டை சுருங்கியிருந்தது, அவன் அகன்றிருந்தான். பித்தான்களைப் பூட்ட முடியவில்லை. திறந்த சட்டையோடு உள்ளே போனான்.

அவன் நன்றாக ஆடினான் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

சாயங்கால வெயில் கண்ணில் படக்கூடாது என்று, முதல் பாதியில் விருந்தாளிகளுக்குத்தான் கிழக்குப் பார்த்து ஆடுகிற பக்கத்தைக் கொடுப்பார்கள். அண்ணன் எப்போதும் விருந்தாளிகளோடுதான் ஆடியவன். அதனால் அவன் கால்களுக்கு முதல் பாதி என்றால் கிழக்கு. அன்று பந்து கிடைத்ததும் கிழக்கே பாய்ந்தான். அங்கே நின்றது அம்பத்தூர் கோல்கீப்பர். "டேய் டேய், நான்டா, நம்ம கோல்டா" என்று அவன் கத்தவும் அண்ணன் அப்படியே நின்றான். திரும்பி மேற்கே ஓடினால் வெயில் கண்ணைக் குத்தியது.

அவனுக்கு யாரும் பந்து கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று கொடுக்காமல் இருந்தார்களா, கொடுக்கத் தோன்றவில்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்களை "பரந்தாமா", "மாமே" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒரு தடவை பந்து தானாக அவனிடம் வந்தது. சுற்றிலும் பார்த்தான். "துலுக்கானம், இங்க வாப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கேட்ட பக்கம் பந்தைத் தள்ளிவிட்டான். கூப்பிட்டது அய்யாசாமி. அவர் அதை வாங்கிக்கொண்டு போய்க் கோல் போட்டார்.

கரையில் பொன்னியம்மா, "இவன் எந்த ஊருக்குடி ஆட்றான்?" என்றாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதி முடிந்ததும் பக்கம் மாறினார்கள். இப்போது அம்பத்தூருக்குக் கிழக்கு. வெயில் முதுகுப் பக்கம் போனதும் அண்ணனின் கால் தெளிந்தது. யாரோ தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு, நான்கு பேரைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் அடித்தான். கரையெல்லாம் சத்தம். கோல் போட்டவனைக் கட்டிப்பிடிப்பது அவர்கள் வழக்கம். பரந்தாமன் ஓடி வந்தான். அண்ணனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டான். பிறகு தன் மட்டையால் அண்ணன் மட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். செங்கல்வராயன்தான், எதிர்ப்பக்கம் ஆடுகிறவன், வந்து தோளில் கை போட்டான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

"இன்னாடா, யாரு கெலிச்சது?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லமா."

"நீ?"

அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். முதல் முறையாக அது நனைந்திருந்தது. அக்குளில் கிழிந்தும் இருந்தது.

ஆட்டம் முடிந்த கையோடு இரண்டு கேப்டன்களும் பேசிக்கொண்டதை அவன் பிறகு சொன்னான். இவருக்கும் அவன் வேண்டும், அவருக்கும் வேண்டும். முதல் பாதி விருந்தாளிகளுக்கு, இரண்டாம் பாதி அம்பத்தூருக்கு என்று முடிவு செய்தார்கள். அவன் மாறும்போது எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அங்கே கரையிலிருந்து ஒருவன் இறங்குவான். அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?" என்றேன்.

யோசித்தான். "தெரில நாகு."

நடுவில் வந்த உலக யுத்தமும் இப்போது முடிந்துவிட்டது. நான் கோவில்பதாகைக்கு வாழ்க்கைப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அண்ணன் மாடு மேய்ப்பதை விட்டு ஆவடியில் பட்டாளத்து டிப்போவில் வேலை பார்க்கிறான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஏரிக்குப் போகிறான். அக்குளில் நான் போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது. இப்போது அதைத் துவைப்பது அண்ணி. முதல் பாதி முடிந்ததும் இரண்டு ஊர்க்காரர்களும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அண்ணனுக்கு மாற வேண்டிய வேலை இல்லை. நின்ற இடத்திலேயே நின்று பனியன் மேல் நீலச் சட்டையைப் போட்டுக்கொள்கிறான். இரண்டு பாதியிலும் அவன் பந்தை அடிப்பது கிழக்குக் கோலுக்குத்தான்.