புளியடிக்குப் பின்னால் ஒரு வயல்

ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கடிதங்கள் கணினியில் திறந்திருந்தன. வீட்டைக் குறிக்கும் ஒரே சொல்லை ஒருவர் ஒரு எழுத்தைக் கூட்டி எழுதியிருந்தார், இன்னொருவர் குறைத்து எழுதியிருந்தார். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணி, நெருக்கமானவற்றை ஒரே சொல்லாகச் சேர்க்கும் நிரலை எழுதுவதுதான் என் முதுகலைக் கடைசிப் பருவ வேலை. ஏன் போயும் போயும் ஸ்காட்லாந்து என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கடிதங்கள் இலவசமாகக் கிடைத்தன, அவ்வளவுதான்.

அப்போது கைப்பேசி ஒலித்தது. எங்கள் ஊர் நடவு மெஷின் வாட்ஸ்அப் குழு. எந்த வயலுக்கு மெஷின் வேண்டும் என்று எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். புளியடி வயலை ஒருவர் ஒய் போட்டு எழுதியிருந்தார், அடுத்தவர் போடாமல். கைப்பேசியைப் பார்த்தேன், கணினியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே சிக்கல்தானே என்று தோன்றியது. உட்கார முடியவில்லை.

மெஷின் ஓட்டுகிற அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எங்கே விட்டுப்போகுமோ என்ற பயத்தில் ஒரே ஆள் மூன்று முறை அனுப்புவதையும், மகன் போனில் ஒன்று பக்கத்து வீட்டுப் போனில் ஒன்று என்று போடுவதையும் சொல்லி அவர் அலுத்துக்கொண்டார். யார் அனுப்பியது என்பதை நம்ப முடியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, வயல் பெயரை மட்டும் எடுத்து நிரலில் போட்டேன். நீளமான பட்டியல் பாதியானது. அவருக்குச் சந்தோஷம். எனக்கு அவரைவிட.

மூன்றாம் நாள் காலை எங்கள் தெரு அக்கா வந்து வாசலில் நின்றார். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். மெஷினுக்கென்று பாய் நாற்று விட்டிருந்தார். பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கிற அந்த நாற்று நாள் தாண்டி வளர்ந்துவிட்டால் மெஷின் அதைப் பிய்த்துத்தான் போடும். அவருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பட்டியலில் அவர் வயல் இல்லை.

தேடிப் பார்த்தேன். புளியடி என்று அவர் அனுப்பியதை, புளியடி வயலின் சொந்தக்காரரான என் பெரியப்பா அனுப்பியதோடு நிரல் சேர்த்திருந்தது.

"நீங்க ஏன்க்கா அவரு வயல் பேரப் போட்டீங்க?"

"மெஷின் அங்கதானே இறங்கும்? ரோட்டுலேர்ந்து உள்ள தள்ளி வயல் இருக்கவங்க எல்லாம் ரோட்டோர முன்வயல் பேரத்தான் போடுவோம். டிரைவருக்குத் தெரியும். ரெண்டு குடும்பத்துலேர்ந்து ஒரே பேரு வந்தா உள்ள ஒரு ஆளு இருக்குன்னு அர்த்தம். உள்வயல முதல்ல நட்டுட்டுத்தான் முன்வயலுக்கு வருவாரு. உங்க பெரியப்பா வயல மொதல்ல நட்டுட்டா நான் மெஷின எப்புடி கொண்டுபோறது, தலையில தூக்கிட்டா?" என்றார்.

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு செய்தியும் குறித்தது ஒரே புளியடியைத்தான். அதில் நிரல் தப்பே செய்யவில்லை. பிறகு எது தப்பு?

மெஷின் ஏற்கெனவே புளியடியில் நான்கு நடை போய்த் திரும்பியிருந்தது. கையை ஆட்டி நிறுத்தினேன். ஓட்டுகிற அண்ணன் என்னைத் திட்டவில்லை. பட்டியலில் ஒரே ஒரு புளியடிதான் இருந்தது, அதனால் உள்ளே யாரும் இல்லையென்று நினைத்துக்கொண்டாராம். நடாத பக்கத்தில் மெஷின் போகும் அகலத்துக்கு ஒரு பட்டை விட்டால் உள்வயலுக்குப் போய் வரலாம் என்று இறங்கி வரப்புக்கு வந்து கை காட்டினார். அங்கே நின்றிருந்த பெரியப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"திரும்பி வர்றப்ப சேறு கொழம்பிக் கெடக்கும். அந்தப் பட்டைய யாரு நடுறது? கம்ப்யூட்டரா?"

"கையால நான் நட்டுத் தர்றேண்ணே," என்றார் அக்கா. "இவளும் வருவா."

என்னை யாரும் கேட்கவில்லை. தலையாட்டினேன். பெரியப்பா மெஷினைப் பார்த்து, "சரி, உள்ள போயிட்டு வாப்பா," என்றார்.

மதியத்துக்குள் அக்காவின் வயல் நட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். வெற்றி என்று குறித்து வைத்திருந்த ஸ்காட்லாந்துச் சொற்கள் இருந்தன. ஒரே கடிதத்தில் வீடு என்ற சொல் இரண்டு விதமாக வந்திருக்கிறது. எழுதியவரின் அவசரமா, இல்லை முதல் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு வீடா? கேட்கலாம் என்றால் எழுதியவர்கள் இல்லை. சேர்த்ததையெல்லாம் பிரித்துப் போட்டேன், மறுபடி சேர்த்தேன், மறுபடி பிரித்தேன். எது சரி என்று இப்போதும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்வரியையும் பின்வரியையும் படித்தாக வேண்டும் போலிருக்கிறது.

அதற்கு முன்னால் நாளைக் காலை அந்தப் பட்டையை நட வேண்டும். குனிந்து நட்டு எனக்குப் பழக்கமில்லை. முடித்ததும் மெஷின் அண்ணனோடு ரோட்டோரமாக நடந்து, ஒவ்வொரு முன்வயலுக்கும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதப்போகிறேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நிரல் அதைச் சேர்க்காமல், அனுப்பியவர்களுக்குப் போன் செய்யச் சொல்லி அவருக்குக் காட்டட்டும். அது வேலை செய்யுமா என்று பார்க்கிறேன்.