கலியமூர்த்தி அண்ணனின் சோதனை எஞ்சின்

பூதலூரிலிருந்து போன் வந்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கலியமூர்த்தி அண்ணன் காலையில் எஞ்சின் கொட்டகையிலேயே, உட்கார்ந்தபடி போய்விட்டாராம். அவருடைய பிஸ்டன் ரிங் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்கும் செய்தி அப்படித்தான் வந்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் மனுஷன்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களுக்கு ரிங் கடைந்து கொடுத்துத் தொடங்கியவர் அவர். அறுவடைத் தூசியில் டிராக்டர் ரிங்குகள் சீக்கிரம் தேய்கின்றன என்று விவசாயிகள் வந்து சத்தம் போட்டபோது, மறுத்துப் பேசாமல் தேய்ந்த ரிங்குகளை வாங்கி மேசையில் பரப்பினார். நம் குரோம் பூச்சு அப்படிப் பிறந்ததுதான். அதைக் கேட்டுக் கார் கம்பெனிகளும் வந்தன. ஒற்றை லேத் இருந்த இடத்தில் வரிசையாக ஷெட்டுகள் எழுந்தன.

நவீன சோதனைக் கூடம் கட்டிய பிறகும் அவர் வழக்கம் மாறவில்லை. புதுப் பூச்சோ புது உலோகமோ, அதில் ஒரு ரிங் செய்து, ஷெட்டுக்குப் பின்னால் போர்க்குழாயில் தண்ணீர் இறைக்கும் பழைய எஞ்சினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். “தண்ணி இறைக்காத ரிங்கு எங்கிட்டேருந்து வெளிய போகாது” என்பார். நாம் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். இறைத்த தண்ணீர் ஷெட்டை ஒட்டியிருந்த செல்லம்மாளின் வயலுக்குப் போகும். ஆற்றுப் பாசனம் ஏறாத மேட்டு வயல் அது. சும்மா கொடுத்தால் அந்த அம்மாள் வாங்கமாட்டார். சோதனையில் வழிகிற தண்ணீர்தானே என்று வாங்கிக்கொண்டார், அதை நம்பியே குறுவையும் நட்டார்.

பிறகு பேட்டரி வண்டிகள் வந்தன. அவற்றில் பிஸ்டனே கிடையாது. கார் கம்பெனிகள் புது ரிங் கேட்பதை நிறுத்தின. ரிங்கிலேயே இன்னும் ஏதாவது புதிதாகச் செய்து பார்க்கலாம் என்று நான் நச்சரித்தேன். வரைபடங்களைத் தள்ளி வைத்துவிட்டு, “இல்லாத பிஸ்டனுக்கு எப்படிப்பா ரிங்கு போடுறது?” என்றார். ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வெளிநாட்டில் இருக்கும் அவருடைய பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வாங்கியவர் இன்னும் வந்து பூட்டாத கொட்டகையில் எஞ்சின் மட்டும் காலை தவறாமல் ஓடியது. என்ன ரிங்கைச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லப்பா. அந்தம்மா நட்டிருக்காங்கல்ல” என்றார், வரப்பில் நின்றவருக்குக் கேட்காதபடி.

சாவு வீட்டில் செல்லம்மாள் என்னைத் தேடி வந்தார். “கதிர் வர்ற நேரங்க. டெஸ்டு முடிஞ்சாதான் தண்ணி நிக்கும்னு அண்ணன் சொல்லியிருந்தாங்க. முடிஞ்சிருச்சுங்களா?”

கொட்டகைச் சாவி அதற்குள் இடத்தை வாங்கியவர் கைக்குப் போயிருந்தது. செத்தவர் சொன்ன பொய்யை உடைக்கவும் மனம் வரவில்லை. முடிந்துவிட்டது என்றேன்.

“அப்ப சரிங்க” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

காரியம் ஆன கையோடு போர்க்குழாயை மூடி, எஞ்சினைப் பழைய இரும்போடு லாரியில் ஏற்றினார்கள். அதைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் பிடித்துப் பிடித்து வழவழப்பாகிப்போன இரும்பு. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மாட்டுவதற்கு எஞ்சின் இல்லை. செல்லம்மாளின் குறுவை, கதிரில் பால் பிடிக்காமலே காய்ந்துவிட்டது.